மிடறு கருவியாகும்போது

பொப்பிசையைப் பற்றி இத்தகைய ஏடொன்றில் எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு முகஞ்சுளிப்பை உண்டாக்கக்கூடும். செவ்விசைப் பற்றாளர் அதனை இசையென்றே ஒப்பார். நமது அணியைச் சேர்ந்த நண்பர் சிலரோ, அது பெருவணிகத்தின் கழிவு, அதனை ஆராய்வதாற் பயன் யாது என வினவுவர். இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர். இருவருமே அதனைச் செவிகொடுத்துக் கேட்பதில்லை. உழைக்கும் மக்களும் நமது மாணவரும் நாள்தோறும் கேட்கும் ஓசை எதுவோ அது விமரிசகனின் கவனத்துக்கு உரியதே. கேளாமல் ஒதுக்குவது விமரிசனமாகாது.

நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் பொருள் குறுகியது. சொல்லைத் துறந்த மனிதக் குரல், அதாவது முனகல், விம்மல், மூச்சொலி, அலறல், தொண்டையதிர்வு, நாவடிப்பு ஆகியன, பொப்பிசையில் வாத்தியத்தின் இடத்தில் வைக்கப்படுவதே அப்பொருள். வயலினோ ஊதுகொம்போ நிற்கவேண்டிய இடத்தில் ஒரு மனிதத் தொண்டை நிற்கின்றது. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என இசைக்கருவிகளை வகுத்த தமிழ் மரபு, மிடற்றுக்கருவி என ஒன்றையும் அவற்றோடு சேர்த்து எண்ணியதை ஆசிரிய வாசகர் அறிவர். எனவே மிடறும் ஒரு கருவி என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. ஆனால், கருவி என்ற சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. பிறனொருவன் கையிலெடுத்து, வேலை முடிந்ததும் மூலையில் வைத்துவிடும் பொருளும் கருவிதான். முதற் பொருளில் மிடற்றைக் கருவியென்று போற்றிக்கொண்டே, இரண்டாம் பொருளில் அதற்குரிய மனிதரைக் கருவியாக்கிவிடும் வழக்கம் இசைத்தட்டு வணிகத்தில் எவ்வாறு நிலைபெற்றது என்பதே நமது கேள்வி.

1973ஆம் ஆண்டு ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், லண்டன் அபி வீதி ஒலிப்பதிவுக்கூடத்துக்கு கிளேர் ரொரி என்னும் இருபத்தைந்து வயதுப் பெண் வந்தாள். கூலிக்குப் பாடும் பாடகிகளுள் அவளும் ஒருத்தி. பிங்க் புளொயிட் என்னும் குழுவினர் ‘த டார்க் சைட் ஒவ் த மூன்’ என்ற இசைத்தட்டை அப்போது முடிக்கும் தறுவாயில் இருந்தனர். குழுவின் பியானோக் கலைஞர் றிச்சட் றைற் அமைத்த சுரக்கூட்டு வரிசையொன்று கைவசம் இருந்தது. அதன் மேல் மெட்டும் இல்லை, சொல்லும் இல்லை. சாவைப் பற்றியது என்ற குறிப்பு மட்டும் அவளுக்குக் கிடைத்தது. முதலில் அவள் அக்காலப் பொப் பாடகியர் வழக்கப்படி ‘பேபி’ முதலிய சொற்களை இட்டுப் பாடிப் பார்த்தாள். சொல் வேண்டாம் என்றனர். அவ்வேளையில், தன்னை ஒரு வாத்தியமாகப் பாவித்துக்கொண்டால் என்ன என்ற எண்ணம் தனக்கு உதித்ததாக அவளே பிற்காலத்திற் கூறியிருக்கின்றாள். சில தடவைகளே பாடினாள். முப்பது பவுண் கூலி பெற்றுக்கொண்டு வீடு சென்றாள். அப்பதிவு வெளிவரும் என்ற நம்பிக்கைகூட அவளுக்கு இருக்கவில்லை. கடையொன்றில் இசைத்தட்டின் உறையிலே தன் பெயரைக் கண்டபோதுதான் செய்தி அவளுக்குத் தெரியவந்தது.

‘த கிரேற் கிக் இன் த ஸ்கை’ எனப் பெயரிடப்பட்ட அப்பகுதியைக் கேட்டோர் பலராயிருப்பர். பியானோ தனித்து நடக்கின்றது, மேளம் விழுகின்றது, அக்கணத்திலேயே குரல் உச்சியிற் பாய்கின்றது. அது ஒப்பாரியும் அன்று, வேண்டுதலும் அன்று. சாகமாட்டேன் என்று முரண்டு பிடிக்கும் உடம்பின் ஓசை என்று சொல்லலாம். பிற்பாதியில் மேளம் அடங்க, அதே குரல் தளர்ந்து, தன்னோடு தானே பேசுவதுபோல் இறங்குகின்றது. இவ்விறக்கமே நமது கணிப்பில் அதன் உயர்ந்த இடம். உச்சியிற் கத்துதல் பயிற்சியால் வரக்கூடியது. கத்தி ஓய்ந்தபின் எஞ்சும் மூச்சை இசையாக்குவதற்கு வேறொரு அறிவு வேண்டும். எங்கே ஏறுவது, எங்கே உடைவது, எங்கே அடங்குவது என்ற முடிவுகள் யாவும் அந்தத் தொண்டையிலேயே எடுக்கப்பட்டன. இசைத்தட்டோ கோடிக்கணக்கில் விற்பனையாகியது.

உறையில் அவள் பெயர் பாடகியாகக் குறிக்கப்பட்டிருந்தது என்பதை மறைக்கலாகாது. ஆயின், ஆக்கியோன் என்ற இடத்தில் றைற்றின் பெயர் மட்டுமே இருந்தது. முப்பதாண்டுக்கு மேல் இந்நிலை நீடித்தது. 2004ஆம் ஆண்டில் அவள் குழுவினர்மீதும் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின்மீதும் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தாள். 2005இல் வழக்கு நீதிமன்றுக்கு வெளியே இணக்கமாகத் தீர்ந்தது. நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை. ஆனால், அதன்பின் றைற், ரொரி என இருவர் பெயரும் ஆக்கியோராகப் பதிவாகின்றன.

இதனைத் தனிப்பட்ட பேராசை என்றோ நன்றிகேடு என்றோ விளக்கிவிட முடியாது. பியானோவில் ஒருவன் அமைத்த சுரக்கூட்டு ‘ஆக்கம்’. அதன் மேல் ஒருத்தி அக்கணத்தில் ஈன்ற முழு இராகமும் ‘வேலை’. முன்னதற்கு விற்பனைதோறும் பங்கு. பின்னதற்கு மணிக்கணக்குக் கூலி. எழுதிவைக்கக்கூடிய மெட்டையும் சொல்லையுமே ஆக்கமெனக் கண்டு பழகிய பதிப்புரிமை வழக்கத்துக்கு மூச்சிலே பிறந்த ஒன்றை என்ன பெயரிட்டு அழைப்பதென்று தெரியவில்லை. வாத்தியக்காரருக்கும் இதே கதிதான் என ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. ‘எ வைற்றர் ஷேட் ஒவ் பேல்’ என்ற 1967ஆம் ஆண்டுப் பாடலின் புகழ்பெற்ற ஓர்கன் இராகத்தை அமைத்த மத்தியூ பிஷர், 2006இல் நாற்பது வீதப் பங்கைத் தீர்ப்பாகப் பெற்று, அதனை 2009இல் பிரபுக்கள் சபை வரை சென்றே நிலைநாட்டவேண்டியிருந்தது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஓர்கனை இன்னொருவர் வாசிக்கலாம். ரொரியின் தொண்டையை அவளையன்றி எவர் வாசித்தல் கூடும்?

இவ்வழக்கத்தின் வேரைக் காண நாம் இன்னும் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்துப் பிக்குவா என்ற சிற்றூரில் முடிதிருத்தும் நிலையம் நடத்திய கறுப்பினத் தந்தை ஒருவரின் நான்கு புதல்வர்களே மில்ஸ் சகோதரர். அவர்களிடம் ஊதுகொம்பு இல்லை. ஆகவே கைகளை வாயருகே குவித்துக் கொம்பாக ஒலித்தனர்; ஒருவர் தொண்டையை ஆழத்துக்கு இறக்கிப் பெருங்குழலாக ஒலித்தார். உண்மையான வாத்தியம் என இருந்தது ஒரேயொரு கித்தார். 1931இல் அவர்கள் பதிவுசெய்த ‘ரைகர் றாக்’ பெருவெற்றி பெற்றது. இசைத்தட்டிலே, ஒரு கித்தாரைத் தவிர வேறு வாத்தியமோ இயந்திரச் சூழ்ச்சியோ பயன்படுத்தப்படவில்லை என்ற அறிவித்தலை அச்சிடவேண்டியிருந்தது. கேட்டவர் நம்பமாட்டார் என்ற அச்சம். அவ்வறிவித்தலை நாம் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். வாத்தியம் வாங்க வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் வாத்தியக் குழுவொன்றையே தம் வாய்க்குள் கட்டியெழுப்பினர். வணிகம் அதனை ஒரு வித்தையாக, கண்கட்டு விளையாட்டாக விற்றது. ஆனாலும் பெயர் அவர்களுடையதே. குரல் எவருடையது என்பதை எவரும் மறைக்கவில்லை.

மறைக்கும் பழக்கம் பெரும்படியாகத் தலைகாட்டியது பதினோராண்டுகளின் பின்னர், ஒரு வேலைநிறுத்தத்தின்போது. தொழிற்சங்க இயக்கத்தில் ஈடுபாடுடைய வாசகர் இதனைக் கூர்ந்து கவனிக்கவேண்டுமென விரும்புகின்றோம்.

1942ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி, அமெரிக்க இசைக்கலைஞர் சம்மேளனம், ஜேம்ஸ் பெற்றில்லோவின் தலைமையில், இசைத்தட்டுப் பதிவுகளை நிறுத்தியது. காரணம் தெளிவானது. தேநீர்க்கடைகளிலும் மதுச்சாலைகளிலும் நாணயமிட்டால் பாடும் பெட்டிகள் பெருகிவிட்டன. வானொலி நிலையங்களும் இசைத்தட்டையே சுழற்றின. முன்னர் அவ்விடங்களில் நேரில் வாசித்துப் பிழைத்த கலைஞன், தான் ஒருமுறை கூலி பெற்று வாசித்த தட்டே தன் வயிற்றில் அடிப்பதைக் கண்டான். விற்கும் தட்டொன்றுக்கு இவ்வளவென ஒரு தொகையை வேலையிழந்த கலைஞருக்கான நிதிக்குத் தருக என்பதே கோரிக்கை. போர்க்காலத்தில் இது தகுமோவெனப் பத்திரிகைகள் தூற்றின. 1944இல் ஜனாதிபதி றூஸ்வெல்ற்றே கேட்டுக்கொண்டும் பெற்றில்லோ இணங்கவில்லை.

கம்பனிகள் என்ன செய்தன? சங்கத்தின் வேலியில் ஒரு பொத்தல் இருந்தது. பாடகர் சங்கத்தில் இல்லை. வாய் என்பது வாத்தியமன்று, ஆகவே பாடுவோர் இசைக்கலைஞர் அல்லர் என்பதே சங்கத்தின் கொள்கை. கம்பனிகள் அப்பொத்தலுக்குள் நுழைந்தன. வயலின் வேண்டிய இடத்தில் பெண்குரல்கள் ‘ஊ’ என்றன. கொம்பு வேண்டிய இடத்தில் ஆண்குரல்கள் ‘பா’ என்றன. கொலம்பியாக் கம்பனியில் 1943இல் தனிப்பாடகராகப் பதிவுசெய்யத் தொடங்கிய பிராங் சினாற்ராவுக்கு முழுப் பக்கவாத்தியமாக அமைந்தது பொபி ரக்கர் குழுவினரின் குரல்களே. அதே ஆண்டில் டிக் ஹேம்ஸ் பாடி முதலிடம் பெற்ற ‘யூ’ல் நெவர் நோ’ பாடலுக்குப் பின்னாலும் வாத்தியமில்லை, சோங் ஸ்பின்னேர்ஸ் என்ற குரற்குழுவே இருந்தது. டெக்கா 1943 செப்ரெம்பரில் இறங்கிவந்தது. கொலம்பியாவும் ஆர்.சி.ஏ. விக்டரும் 1944 நவம்பர் வரை தாக்குப்பிடித்தன. அத்தனை காலம் தாக்குப்பிடிக்க அவற்றுக்குக் கைகொடுத்தவற்றுள் இந்தத் தொண்டைகளும் அடங்கும்.

அப்பாடகர்கள் கருங்காலிகளா? அவசரமாக ஆம் என்பது எளிது. நாம் அவ்வாறு சொல்லத் தயங்குகின்றோம். தம்மைக் கலைஞராகவே எண்ணாத சங்கத்தின் வேலைநிறுத்தத்தை அவர்கள் எந்த உரிமையோடு காத்திருக்க வேண்டும்? மிடறு கருவியன்று என்று சொன்ன சங்கத்தின் தப்பெண்ணமே அதன் போராட்டத்தை ஓராண்டுக்கு மேல் நீட்டியது. தொழிலாளரின் ஒரு பகுதியினரைத் தொழிலாளரென ஏற்க மறுத்த இயக்கம் எதுவாயினும் இவ்விலையைக் கொடுத்தே இருக்கின்றது. நமது நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றில் இதற்கு உவமை தேட வாசகருக்கு நெடுநேரம் பிடிக்காது.

கலையென்ற வகையில் அவ்வேலைநிறுத்தக்காலத் தட்டுக்கள் எத்தகையன? மில்ஸ் சகோதரரின் வாய்க்கொம்பில் ஒரு குறும்பு இருந்தது. ‘இதோ பார், இது வாய்’ என்று அது நம்மை நோக்கிக் கண்ணடித்தது. 1943ஆம் ஆண்டுக் குரற்குழுக்கள் கண்ணடிக்கவில்லை. அவை இல்லாத வயலினுக்கு முட்டுக்கொடுத்தன, அவ்வளவே. எலும்பில்லாத இனிமை. தன்னைக் கவனிக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் குரல் அது. அந்தப் பணிவுதான் பின்வந்த பொப்பிசையின் பின்னணிக் குரலுக்கு இலக்கணமாகியது.

ஒலிநாடா வந்தபின் நிகழ்ந்ததை விரைந்து கடக்கலாம். ஒரேயொரு பாடலை மட்டும் குறிப்பிடுவோம். 1975இல் இங்கிலாந்தின் ஸ்ரொக்போட் நகரில் 10சீசீ என்னும் குழுவினர் ‘ஐ’ம் நொட் இன் லவ்’ என்ற பாடலைப் பதிவுசெய்தபோது, குழுவில் மூவர் ஒரே சுரத்தில் ‘ஆ’ எனப் பதினாறு தடவை பாடி ஒன்றின்மேலொன்றாக அடுக்கினர். சுரமொன்றுக்கு நாற்பத்தெட்டுக் குரல். சுரங்கள் யாவற்றையும் அவ்வாறு பாடி நாடா வளையங்களாக ஒட்டிச் சுழலவிட, அறுநூறுக்கு மேற்பட்ட குரல்கள் திரண்டன. பின் ஒலிக்கலவை மேசையையே வாத்தியம்போல வாசித்தனர். மூடுபனி போன்ற அவ்வோசை இன்றும் அழகு குன்றாதது. அது குழுவினரின் சொந்தக் குரல். ஒலிப்பதிவுக்கூடத்திலும் அவர்களுள் இருவருக்குப் பங்கு இருந்தது. உற்பத்திக் கருவி உழைப்போன் கையிலிருந்த அபூர்வமான ஒரு தருணம் என்று நகைச்சுவையாகச் சொல்லலாம். நகைச்சுவையை முழுமையாக்கும் செய்தி ஒன்றும் உண்டு. பாடலின் நடுவே கேட்கும் பெண்ணின் இரகசியக் குரல், அக்கூடத்து வரவேற்பு மேசையிற் பணிபுரிந்த பெண்ணுடையது.

நாடாவிலே அடுக்குவதற்குக்கூட மனிதன் நேரில் வந்து பாடவேண்டியிருந்தது. எண்பதுகளில் மலிந்த ‘சாம்பிளர்’ என்னும் இயந்திரம் அத்தேவையையும் போக்கியது. எங்கோ எப்போதோ பதிவான ஓசையை வெட்டியெடுத்து, விசைப்பலகையில் ஏற்றி, விரும்பிய சுருதியில் விரும்பிய தடவை ஒலிக்கச் செய்யலாம். பாடியவர் உயிரோடிருக்கவேண்டும் என்பதில்லை. அவருக்குச் செய்தி தெரியவேண்டும் என்பதும் இல்லை.

பசிபிக் சமுத்திரத்தில் சொலமன் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த மலைற்றாத் தீவில், 1970ஆம் ஆண்டளவில், ஹியூகோ செம்ப் என்ற இசையியலாளர் அபுனாக்வா என்னும் பெண் பாடிய தாலாட்டொன்றைப் பதிவுசெய்தார். பெற்றோரை இழந்த பிள்ளையொன்று, அழும் தன் இளையவனைத் தேற்றுவதாக அமைந்த பாடல் அது. யுனெஸ்கோவின் இசைத்தட்டு வரிசையில் 1973இல் அப்பதிவு வெளிவந்தது. ‘தால்’ என்றால் நாவு. நாவை ஆட்டி எழுப்பும் ஓசையே தாலாட்டாயிற்று எனக் கூறுவர். எந்த நாட்டிலும் தாலாட்டிற் சொல் பாதி, சொல்லற்ற நாவசைவு பாதி. மொழி அறியாத குழந்தைக்கு முன் மொழி தானாகவே கரைந்துபோகின்றது. அதனாற்றானோ என்னவோ, மொழியறியாத அந்நியர் காதுக்கும் அது வெறும் இனிய ஓசையாகப் பட்டுவிடுகின்றது.

1992இல் டீப் பொரஸ்ற் எனத் தம்மை அழைத்துக்கொண்ட பிரெஞ்சு இசைஞர் இருவர், அபுனாக்வாவின் குரலை எடுத்து, நடனத் தாளத்தின் மேலேற்றி, ‘ஸ்வீற் லலபை’ என வெளியிட்டனர். அத்தொகுப்பு மத்திய ஆபிரிக்கக் காட்டு மக்களின் உலகை மேற்கு நாட்டாருக்கு எடுத்துவரும் ஒன்றாகப் பேசப்பட்டது. சொலமன் தீவு எங்கே, மத்திய ஆபிரிக்கா எங்கே! யுனெஸ்கோவுக்கும் இசையியலாளருக்கும் உறையில் இடம் கிடைத்தது. அபுனாக்வாவின் பெயருக்கு இடம் கிடைக்கவில்லை. இசைத்தட்டு உலகெங்கும் இலட்சக்கணக்கில் விலைப்பட்டது. விளம்பரங்களிலும் அவ்வோசை புகுந்தது. தாம் பதிவுசெய்தவை இவ்வாறு வணிகமாக்கப்பட்டதைச் செம்ப் 1996இல் எழுத்தில் வெளிப்படையாகக் கண்டித்தார். அமெரிக்க அறிஞர் ஸ்டீவன் பெல்ட் இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்து வெளிப்படுத்தினார்.

கதை அத்தோடு முடியவில்லை. அதே 1996இல் நோர்வேயின் பெயர்பெற்ற சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பாரெக், அம்மெட்டையே தமது இசைத்தட்டில் வாசித்து அதற்குப் ‘பிக்மி லலபை’ எனத் தலைப்பிட்டார். பசிபிக் தீவுப் பெண்ணின் தாலாட்டு ஆபிரிக்கத் தாலாட்டாகவே நிலைத்துவிட்டது. பெயரைப் பறித்தபின் ஊரும் பறிபோகின்றது.

தைவான் தீவின் ஆமிஸ் இனத்து முதியோரான டிபாங் டுவானா, இகாய் டுவானா தம்பதியினருக்கும் இதுவே நேர்ந்தது. 1988இல் பிரான்சுக்குச் சென்று பாடியபோது பதிவான அவர்களது குரலை எனிக்மா என்னும் பொப் குழு ‘றிற்றேர்ன் ரு இன்னசென்ஸ்’ என்ற பாடலில் நாதமாக்கியது. 1996ஆம் ஆண்டு அற்லாண்ரா ஒலிம்பிக் விழாவை விளம்பரப்படுத்தவும் அப்பாடல் ஒலித்தது. பாடிய விவசாயக் கிழவருக்குச் செய்தி தெரியாது. 1998இல் அவர்கள் வழக்குத் தொடர்ந்தனர். அடுத்த ஆண்டு இணக்கம் ஏற்பட்டது. 2002இல் டிபாங் காலமானார்.

நாட்டார் பாடலுக்கு ஆசிரியன் இல்லை, அது ஊர்ப் பொது, ஆகவே எவரும் எடுக்கலாம் என்பது இவற்றுக்குச் சொல்லப்படும் சமாதானம். பொதுவுடைமையின் மொழியில் தனியுடைமை பேசும் விந்தை இது! பாடல் ஊர்ப் பொதுவாக இருக்கலாம். தொண்டை ஊர்ப் பொதுவன்று. மலைற்றாவில் அத்தாலாட்டைப் பாடத் தெரிந்தவர் பலர் இருந்திருப்பர். ஆனால், இசைத்தட்டில் ஒலிப்பது ஒருத்தியின் மூச்சு. அவ்வூர்ப் பொதுவை எடுத்துத் தம் இசைத்தட்டில் ஏற்றியோர் தமது தட்டைப் பொதுவாக்கினரா என்றும் கேட்கவேண்டும்.

இரவல் வாங்குவது யாவும் களவு என்று நாம் கூறவரவில்லை; கூறினால் உலகில் இசையே இல்லை. மத்திய ஆபிரிக்கக் குடியரசின் பபென்செலே மக்கள், ஒரு சுரம் மட்டும் எழுப்பும் பப்பாசித் தண்டுக் குழலை ஊதியும் இடையிடையே குரலெறிந்தும், ஊதலும் குரலும் ஒரே கோவையாகத் தொடுக்கும் ‘ஹிந்தேவு’ என்ற முறையை உடையவர். சிம்ஹா அரொம் முதலியோர் அதனைப் பதிவுசெய்து அறுபதுகளில் வெளியிட்டனர். 1973இல் ஹேர்பி ஹான்கொக் தமது பழைய ‘வோட்டர்மெலன் மான்’ உருப்படியைப் புதுக்கியபோது, பில் சமேர்ஸ் என்ற கலைஞர் அம்முறையைப் பின்பற்றிப் பியர்ப் போத்தலை ஊதியும் குரலெழுப்பியும் தொடக்கத்தை அமைத்தார். இங்கு எவர் பதிவும் வெட்டியெடுக்கப்படவில்லை. ஒருவர் கேட்டுக் கற்றுத் தம் வாயாற் செய்தார். கறுப்பு அமெரிக்கக் கலைஞன் ஆபிரிக்காவை நோக்கி நீட்டிய கையாகவும் அதனைக் கொள்ளலாம். அதன் உயிர்ப்பை மறுப்பதற்கில்லை. ஆனால் 1994இல் மடோனா தமது ‘சாங்சுவரி’ பாடலுக்கு ஹான்கொக்கின் பதிவை எடுத்தபோது, முறைப்படி பெயர் பெற்றவர் ஹான்கொக். பப்பாசித் தண்டை முதலில் வாயில் வைத்தவர்கள் சட்டத்தின் கணக்கில் எங்கும் இல்லை. இதற்கு எவரை நொந்துகொள்வது? எவரும் களவெடுக்கவில்லை, ஆயினும் பொருள் கைமாறிவிட்டது. இக்கேள்விக்கு எளிய விடை எம்மிடம் இல்லை.

மறுபுறத்தையும் காட்டாவிடின் கட்டுரை ஒப்பாரியாகிவிடும். 1980இல் சந்தைக்கு வந்த லின் என்ற தாள இயந்திரத்தின் விலை ஏறத்தாழ ஐயாயிரம் டொலர். நியூயோர்க்கின் ஹார்லமிலும் புறூக்ளினிலும் வாழ்ந்த கறுப்பு இளைஞர் அதனை எண்ணியும் பார்த்திருக்க முடியாது. டக் ஈ. பிரெஷ், ‘பற் போய்ஸ்’ குழுவைச் சேர்ந்த டரன் றொபின்சன் முதலியோர் உதடு, பல், நாக்கு, மூச்சு ஆகியவற்றாலேயே அவ்வியந்திரத்தை ஒலித்துக்காட்டினர். மிருதங்கச் சொற்கட்டைக் கொன்னக்கோலில் கேட்டுப் பழகிய நமது காதுக்கு இது முற்றிலும் அந்நியமன்று. ஆனாற் கொன்னக்கோலுக்குச் சொல் உண்டு, இலக்கணம் உண்டு, குருவும் உண்டு. இங்கே இருந்தது தெருமுனை. மேளகாரனுக்குப் பதிலாக வந்த இயந்திரத்தை மனிதன் தன் வாயாற் பதிலீடு செய்தான். 1942இல் நடந்ததன் நேரெதிர். றொபின்சனின் தாளத்தில் அடிகளுக்கிடையே அவர் மூச்சை இழுக்கும் ஓசை கேட்கும். இயந்திரத்துக்கு அந்த இழுப்பு இல்லை. அவர் அதனை மறைக்க முயலாமல் அதையே தாளமாக்கினார். இருபத்தெட்டாவது வயதில், 1995இல், அவர் இறந்தார்.

வட துருவத்தை அண்டிய இன்யுவிற் மக்களிடையே ‘கற்றஜாக்’ என்ற மிடற்றாட்டம் உண்டு. இரு பெண்கள் முகத்துக்கு முகம் நின்று, ஒருத்தியின் மூச்சின் இடைவெளியில் மற்றவள் தன் மூச்சைச் செருகி, உறுமலும் இழைப்புமாக ஓசையைப் பின்னுவர். முதலிற் சிரிப்பவள் அல்லது மூச்சு முட்டுபவள் தோற்றாள். பாதிரிமார் இதனை ஆகாததென்று ஒடுக்கினர். இருபதாம் நூற்றாண்டிற் பல இடங்களில் அது அருகிப்போய், பின்னரே மீண்டும் தழைத்தது. நுனவுற் பிரதேசத்துக் கேம்பிரிட்ஜ் குடாவைச் சேர்ந்த தான்யா தகாக், தொலைநகரொன்றில் ஓவியம் பயின்ற காலத்தில் தாய் அனுப்பிய ஒலிநாடாக்களைக் கேட்டு அக்கலையைக் கற்றாள். எதிரே நிற்க இன்னொருத்தி இல்லாமையால் இருவர் பங்கையும் தான் ஒருத்தியே செய்யப் பழகினாள். 2004இல் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க், ஏறக்குறைய மனிதக் குரலை மட்டுமே கொண்டு ‘மெடுல்லா’ என்ற தொகுப்பை ஆக்கியபோது தகாக்கும் அழைக்கப்பட்டாள். அவளோடு றாசெல் முதலிய வாய்த்தாளக் கலைஞரும் பாடகர்குழுக்களும் இருந்தனர். அத்தொகுப்பிற் சில இடங்கள் சோதனைச்சாலை வாடை வீசுகின்றன என்பது நமது கருத்து. ஆயினும் அதில் மிடறுகள் வாத்தியமாக இருந்துகொண்டே மனிதராகவும் இருக்கின்றன. பெயரோடு வந்து பெயரோடு நிற்கின்றன. தகாக் அத்தோடு நின்றுவிடவில்லை. தன் சொந்தக் குழுவுடன் ஆக்கிய ‘அனிமிசம்’ 2014இல் கனடாவின் பொலாரிஸ் பரிசைப் பெற்றது. அதே ஆண்டில் கியூபெக் அரசு கற்றஜாக்கைத் தனது மரபுச் செல்வமாகப் பிரகடனஞ் செய்தது. ஒடுக்கிய தேவாலயங்களும் பரிசளித்த மண்டபங்களும் ஒரே நாட்டினவே.

நமது வீட்டுக்குள்ளும் ஒருகணம் எட்டிப்பார்ப்போம். திரைப்பாடலை அறிவிக்கும் வானொலி அறிவிப்பாளர், பாடியோர் பெயரைச் சொல்லி முடிக்கையில் ‘மற்றும் குழுவினர்’ என்பதை நாம் எத்தனை ஆயிரந் தடவை கேட்டிருக்கின்றோம்! 1993இல் வெளிவந்த ‘திருடா திருடா’ படத்துக்கு ஏ.ஆர். ரகுமான் அமைத்த ‘ராசாத்தி’ பாடலில் பக்கவாத்தியம் என்று சொல்லத்தக்கதெல்லாம் மனிதக் குரலே. தமிழ்த் திரையிசையில் அது துணிகரமான முயற்சி. முன்னின்று பாடிய சாகுல் ஹமீதின் பெயர் நமக்குத் தெரியும். அவருக்குப் பின்னால் நின்று அவ்வோசைத் திரையை நெய்தவர் எத்தனை பேர், அவர்கள் யாவர் என நாம் இக்கட்டுரையை எழுதத் தொடங்கும்வரை ஒருமுறையேனும் கேட்டதில்லை.